தண்ணீருக்கு அடியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு சிக்கனமாகத் தேனிலவுக்குக் கிளம்பும் ஜோடிகளுக்கு ஊரே சேர்ந்து சொல்லும் யோசனை ஒன்று இருக்கிறது. ஸ்கூபா டைவிங்கை முறையாகக் கற்பது பணம் படைத்தவர்களின் வேலை. அதற்காக விடுமுறையில் நான்கு நாளையும் கையிருப்பில் அறுபதாயிரத்தையும் கொட்ட வேண்டாம். ஹேவ்லாக், கோவா, முருடேஸ்வரம், மால்வண் என்று எங்கே மலிவோ அங்கே ஆளுக்கொரு ‘ட்ரை டைவ்’ போட்டால் போதும். நீச்சல்கூடத் தெரிய வேண்டாம், பயிற்சியாளர் பிடித்துக்கொள்வார், போட்டோவும் வீடியோவும் விலையிலேயே சேர்த்தி. கடலுக்கு அடியில் போய் வந்ததாகவும் ஆயிற்று, பர்ஸும் பிழைத்தது.

இதைச் சொல்பவர்கள் முட்டாள்கள் அல்ல. ட்ரை டைவ் என்பது பாடி, எஸ்எஸ்ஐ போன்ற பயிற்சி அமைப்புகளே வகுத்து வைத்திருக்கும் அறிமுக முறை. அவற்றின் விதிகளை மதித்து நடத்தினால் பெரும்பாலானோர் சிரித்த முகத்தோடுதான் மேலே வருகிறார்கள். கல்யாணக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது ஐயாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமுமல்ல. ஆனாலும் இந்த யோசனை தவறு. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் ஒன்று, டைவிங்கை முறையாகப் படிக்க வேண்டும். இல்லையா, மாஸ்க்கும் ஸ்நார்கெலும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்திலேயே நீந்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில், விலையை மட்டுமே பார்த்துப் பிடிக்கும் ட்ரை டைவில்தான் காசும் வீணாகிறது, உடம்புக்கும் ஆபத்து வருகிறது.

ஒன்று: மலிவு என்ற கணக்கே தப்பு. விலைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். சுமாராக ட்ரை டைவுக்கு ஐயாயிரம், அந்தமானில் முதல்நிலைச் சான்றிதழ் தரும் ‘ஓப்பன் வாட்டர்’ கோர்ஸுக்கு முப்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ட்ரை டைவை இரண்டு மூன்று மணி நேர அனுபவம் என்று விற்பார்கள். உடை மாட்டுவது, காத்திருப்பது, இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சுப் பழகுவது எல்லாம் கழிந்தால் கடலுக்கு அடியில் கிடைப்பது இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிடம். ஓப்பன் வாட்டர் கோர்ஸில் நீச்சல்குளப் பயிற்சி போகக் கடலில் நான்கு டைவ்; ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் என்றால் நூற்று அறுபது நிமிடம். வகுத்துப் பார்த்தால் முன்னதில் நிமிடத்துக்கு நூற்றெழுபது முதல் இருநூறு ரூபாய், பின்னதில் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே. ஏறக்குறைய ஒரே விலைக்கு ஒருவர் முப்பது நிமிடத்தையும் இன்னொருவர் ஒரு திறமையையும் வாங்குகிறார்கள். முன்னவர் அடுத்த முறை கடலுக்குப் போனால் மறுபடி ஐயாயிரம் கட்டி முழங்கால் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். பின்னவருடைய சான்றிதழ் அட்டை காலாவதியாவதில்லை. இடைவெளி நீண்டால் ஒரு நினைவூட்டல் வகுப்பு வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சிலிண்டரின் கணக்கு இன்னும் வேடிக்கை. பதினோரு லிட்டர் கொள்ளளவில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கினால் மிஞ்சுவது 1650 லிட்டர். பதற்றத்தில் நிமிடத்துக்கு இருபது லிட்டர் இழுக்கும் புதியவருக்குப் பத்து மீட்டர் ஆழத்தில் அது இரட்டிப்பாகும்; அப்படியும் நாற்பது நிமிடம் தாங்கும். அப்படியிருக்க இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஏன் மேலே ஏற்றுகிறார்கள்? பல நேரங்களில் அடுத்த ஜோடி படகில் தயாராக உட்கார்ந்திருப்பதால்தான்.

இரண்டு: ‘ஆழம் குறைவுதானே, பயமில்லை’ என்பது கடலைத் தரையின் அளவுகோலால் அளப்பது. மாடியிலிருந்து விழுவதில் உயரம் கூடக்கூட ஆபத்து கூடும். அழுத்தம் அப்படி வேலை செய்வதில்லை. நீர்மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டரில் அது இரண்டாகிறது, இருபதில் மூன்று. அதாவது முதல் பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அடுத்த பத்து மீட்டரில் ஒன்றரை மடங்குதான் ஆகிறது. நுரையீரலிலும் காதிலும் இருக்கும் காற்று மிக வேகமாகச் சுருங்கி விரிவது இந்த மேல்பகுதியில்தான். ட்ரை டைவுக்கு விதிக்கப்பட்ட எல்லை 12 மீட்டர். ஆக, அந்த டைவ் ஏறக்குறைய முழுக்கவே இந்த வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. டைவிங்கில் அடிக்கடி வரும் காயம் காதுச் சவ்வில் படும் அழுத்தம். அது தொடங்குவது முதல் சில மீட்டரில். சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே வந்தால், ஆள் உயர ஆழத்திலிருந்து வந்தாலும் நுரையீரல் கிழியலாம்.

இங்கே பெருமையோடு ஒரு மறுப்பு வரும்: மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் எந்தச் சான்றிதழும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளிக்கவில்லையா? குளித்தார்கள். ஆனால் அவர்கள் மூச்சை இழுத்தது தண்ணீருக்கு மேலே. கீழே போகும்போது நெஞ்சுக் காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதைத் தாண்டாது. மூச்சை அடக்குவது அவர்களுக்குப் பாதுகாப்பு. சிலிண்டரிலிருந்து இழுக்கும் காற்றோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நெஞ்சுக்குள் நுழைகிறது. அதை அடக்கிக்கொண்டு ஏறினால் விரிவதற்கு நெஞ்சில் இடமில்லை. முத்துக்குளிப்பவரைக் காப்பாற்றிய அதே பழக்கம் ஸ்கூபாவில் ஆளைக் கொல்லும். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரசர் குழாய்க் காற்றுக்கு மாறியபோது, மூச்சடக்கிக் குளித்த முன்னோருக்குப் பெரிதாகத் தேவைப்படாத பாடங்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பரம்பரை அனுபவத்தைச் சான்றுக்கு அழைத்தால் அது சொல்வது பயிற்சியின் அவசியத்தைத்தான்.

மூன்று: தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். படகு டீசல் எல்லோருக்கும் ஒரே விலை. சிலிண்டரில் காற்று நிரப்பும் மின்சாரமும் அப்படியே. பக்கத்துக் கடையைவிட ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் கை வைத்திருக்கிறார். பயிற்சியாளர் ஒருவருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தில் கை வைக்கலாம். மூச்சுக் கருவியான ரெகுலேட்டரைக் காலாகாலத்தில் பிரித்துச் சரிபார்ப்பதில் வைக்கலாம். படகில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் பெட்டியில் வைக்கலாம். கடலில் இறங்குமுன் ஆழமில்லாத நீரில் செலவிட வேண்டிய அரை மணியைப் பத்து நிமிடமாக்கலாம். சில கடற்கரைகளில் முதுகில் சிலிண்டரே இருக்காது. படகிலிருந்து நீளும் குழாயை வாயில் கொடுத்து, தலைக்கு மேலே கையை வைத்து அழுத்தி உட்காரவைத்து, அதையும் ஸ்கூபா என்றே விற்கிறார்கள். எல்லாவற்றையும்விட எளிதாகக் கை வைக்கக்கூடியது மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று கேட்டு, சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்தில்லாமல் இறங்கக்கூடாது என்று தடுக்கும் தாள் அது. மலிவுக் கடையில் அதைப் படகு ஏறும் அவசரத்தில் நீட்டி, ‘எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டு சைன் பண்ணுங்க’ என்பார்கள். புதுமணத் தம்பதிக்கு அந்தத் தாளில் மிக முக்கியமான கேள்வி கர்ப்பம் பற்றியது. கருவுற்றவர்கள் டைவ் செய்யக்கூடாது என்பது எல்லாப் பயிற்சி அமைப்புகளும் ஒரே குரலில் சொல்வது. குழந்தைக்கு முயலும் பெண்ணிடம் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காத கடை, எந்த விலைக்குத் தந்தாலும் விலை அதிகம்தான்.

நான்கு: ‘இருவரும் சேர்ந்து அனுபவிக்கலாம்’ என்ற வாக்குறுதி தண்ணீரில் செல்லாது. ட்ரை டைவில் நடப்பதைக் கவனித்தால் தெரியும். கணவரின் முதுகுச் சிலிண்டரை ஒரு பயிற்சியாளர் பிடித்திருப்பார், மனைவியின் சிலிண்டரை இன்னொருவர். எவ்வளவு ஆழம் போவது, எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது ஏறுவது எதுவும் உங்கள் கையில் இல்லை. கேமராவுக்கு எதிரே கொண்டுவந்து, கையைக் கோத்து, இதயக் குறி காட்டவைத்துப் பிரித்துக் கொண்டுபோவார்கள். கோர்ஸின் அடிப்படையே வேறு: அங்கே ‘பட்டி’ என்ற துணைமுறை உண்டு. இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும்; துணைக்குக் காற்று தீர்ந்தால் தன் மாற்று ரெகுலேட்டரைக் கொடுத்து மேலே கூட்டி வர வேண்டும்; கை அசைவில் பேச வேண்டும். கல்யாணமாகிப் பத்தே நாள் ஆனவர்கள் இதைச் சேர்ந்து கற்பது, ஹோட்டல்காரர் கட்டிலில் தூவிவைக்கும் ரோஜா இதழ்களைவிட எவ்வளவோ உருப்படியானது என்பது என் அபிப்பிராயம்.

என் வாதத்துக்கு எதிராகவே ஒரு வழக்கை இங்கே வைக்க வேண்டும், ஏனென்றால் தேனிலவு டைவிங் பற்றிப் பேசுபவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. 2003 அக்டோபரில் ஓர் அமெரிக்கத் தம்பதி தேனிலவுக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போனார்கள். 1911-இல் புயலில் மூழ்கிய யொங்கலா என்ற கப்பலின் சிதைவைப் பார்க்க இறங்கினார்கள். மணப்பெண் இறந்துபோனார். அவர் சான்றிதழ் பெற்றவர்தான். ஆனால் திறந்த கடல் அனுபவம் ஏதும் இல்லாதவர். 2009-இல் கணவர் குயின்ஸ்லாந்து நீதிமன்றத்தில் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். டைவ் துணையாகத் தன் கடமையில் தவறினார் என்பதே அதன் அடிப்படை. அலபாமாவில் தொடர்ந்த கொலை வழக்கை, சாட்சியம் போதாது என்று நீதிபதி 2012-இல் தள்ளுபடி செய்தார். சான்றிதழும் காப்பாற்றவில்லையே என்று இதைக் காட்டிக் கேட்பார்கள். காப்பாற்றவில்லை, உண்மை. யொங்கலா நீரோட்டம் பலமான, அனுபவசாலிகளுக்கான இடம். அட்டை கையில் வந்ததும் எங்கும் இறங்கலாம் என்று யாரும் கற்றுத்தருவதில்லை. ஓப்பன் வாட்டர் அட்டையின் எல்லை 18 மீட்டர், அதுவும் பயிற்சி பெற்ற சூழலை ஒத்த கடலில். அந்த வழக்கு காட்டுவது இதைத்தான்: துணையாக இருப்பது ஒரு நீதிமன்றம் எடைபோடும் அளவுக்குக் கனமான பொறுப்பு. அதைக் கற்றுக்கொடுக்காமலே ‘ஜோடியாக டைவ்’ என்று விளம்பரம் செய்பவர்கள் எதை விற்கிறார்கள்?

ஐந்து: பயணத்திட்டத்தில் டைவை எங்கே செருகுவது என்று மலிவுத் திட்டம் யோசிப்பதே இல்லை. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது. அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடா மூடியைத் திறந்தாற்போல் திசுக்களில் குமிழி கிளம்பும். அதனால் ஒரே ஒரு டைவ் செய்தவர் விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், பல டைவ் செய்தவர் 18 மணி நேரம் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டல். ‘கடைசி நாள் காலையில் டைவ், மதியம் ஃபெர்ரி, சாயங்காலம் ஃபிளைட்’ என்று காசையும் நாளையும் மிச்சம் பிடிக்கும் திட்டம் இதற்கு நேர் எதிரானது. நம்மவர்கள் போடும் இன்னொரு திட்டத்தில் விமானமே இருக்காது என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை: காலையில் புதுச்சேரியில் டைவ், மதியமே பஸ்ஸில் கொடைக்கானல். கடல் பாதி, மலை பாதி. விமானத்தின் உள்ளழுத்தம் ஏறக்குறைய 2400 மீட்டர் உயரத்துக்குச் சமம் வரை குறையும். கொடைக்கானல் 2100 மீட்டர், ஊட்டி 2240. மலையேறும் பஸ்ஸும் உடம்புக்கு விமானம்தான். மலையை முதலில் வைத்துக் கடலைப் பின்னால் வைத்தால் ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அதைச் சொல்ல, டைவைப் போட்டோவுக்குமேல் ஏதோவொன்றாக நினைக்கும் ஆள் வேண்டும்.

முகூர்த்தம் குறித்தவர் கடலின் பருவத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். தை மாதக் கல்யாணம் என்றால் அந்தமான் கடல் தெளிந்திருக்கும். திருகோணமலை வடகிழக்குப் பருவத்தில் கலங்கிக் கிடக்கும். வைகாசி, ஆனி, ஆவணி என்றால் தலைகீழ்: திருகோணமலையை அடுத்த நிலாவெளியும் புறாத்தீவும் அமைதியாக இருக்கும், அந்தமானில் தென்மேற்குப் பருவமழை. கலங்கிய தண்ணீரில் பாதி விலைக்கு டைவ் கிடைப்பது சிக்கனமல்ல, கண்ணைக் கட்டிக்கொண்டு போவது.

இனி எதிர்ப்புகள். ‘அறுபதாயிரத்துக்கு எங்கே போவது?’ என்பதுதான் நியாயமானது. அதற்கு என் பதில்: அறையைக் குறையுங்கள். கோர்ஸ் நடக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்குப் படகு, மாலையில் வகுப்பு, இரவில் ஒன்பது மணிக்கே தூக்கம் கண்ணைக் கட்டும். கடல் பார்த்த பால்கனிக்கு வாடகை கொடுத்து என்ன பயன்? தாய்லாந்தின் கோ தாவ் தீவு மலிவுப் பயிற்சிக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கே கோர்ஸ் எடுப்பவர்களுக்குப் படுக்கையை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரும் டைவ் கடைகள் பல. அந்தத் தீவில் விமான நிலையம் கிடையாது. சும்போனிலிருந்தோ சாமூயியிலிருந்தோ படகில்தான் போய்வர வேண்டும் என்பதால் விமானத்துக்கு முந்தைய காத்திருப்பில் ஒரு பகுதி தானாகவே கழிந்துவிடுகிறது. பாலியில் துலாம்பென் கரையோரம் கிடக்கும் லிபர்ட்டி என்ற அமெரிக்கக் கப்பல் 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுக் கரைக்கு இழுத்துவரப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதைப் பார்க்கப் படகு வேண்டாம், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். படகுச் செலவு மிச்சம். மிச்சம் பிடிக்க இப்படி ஆயிரம் இடம் உண்டு. பயிற்சியாளரின் நேரம் மட்டும் அதில் சேராது.

‘நாலு நாளைப் பாடத்துக்குக் கொடுத்தால் அது தேனிலவா, டியூஷனா?’ என்பது அடுத்தது. இதற்கும் வழி உண்டு. பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் சென்னையிலோ பெங்களூரிலோ கல்யாணத்துக்கு முன்பே முடித்து, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவை மட்டும் போகுமிடத்தில் முடிக்கலாம். ‘ரெஃபரல்’ என்று அதற்குப் பெயர். கடலில் இரண்டு நாள் போதும். மண்டபத்துக்கும் மேளத்துக்கும் அலையும் நாட்களில் இரண்டு சனிக்கிழமை கேட்பது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவப் படிவத்தின் கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து யோசித்து, குடும்ப மருத்துவரிடம் காட்டி விடை எழுதவும் அப்போதுதான் முடியும். சான்றிதழே ஒரு வியாபாரத் தந்திரம் என்பவர்களிடம் நீளமாகப் பேசத் தேவையில்லை. வியாபாரம்தான். ட்ரை டைவும் வியாபாரம்தான். ஒன்றில் வாங்கியவர் கையில் திறமை மிஞ்சுகிறது.

கடைசி எதிர்ப்பு கனமானது: ‘எங்களுக்கு நீச்சல் தெரியாது, கடலை உள்ளே போய்ப் பார்க்க இதைவிட்டால் வழியில்லை.’ நம் ஊரில் பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்காமலே வளர்ப்பதால் ஜோடியில் ஒருவருக்காவது இது பெரும்பாலும் உண்மை. கோர்ஸ் முடிக்க 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ட்ரை டைவுக்கு அது தேவையில்லை என்பதுதான் அதன் மிகப்பெரிய கவர்ச்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மிதக்கத் தெரியாத ஒருவரைப் பத்து மீட்டர் கீழே கொண்டுபோவதில் அவர் உயிர் முழுக்க முழுக்க இன்னொருவர் கையில் இருக்கிறது, அந்த இன்னொருவரை நாம் தேர்ந்தெடுத்தது அவருடைய விலை குறைவு என்பதால். நீச்சல் தெரியாதவர்கள் டைவ் செய்தே ஆக வேண்டும் என்றால் அவர்கள்தான் ஊரிலேயே விலை கூடிய, ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் தரும், குளத்தில் ஒரு மணி நேரம் பழக்கிவிட்டு இறக்கும் கடையைத் தேட வேண்டும். அந்தக் காசு இல்லையென்றால், உயிர்காப்பு ஜாக்கெட்டோடு ஸ்நார்கெலிங். இது ஆறுதல் பரிசு அல்ல. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கி, பத்து மீட்டரில் எல்லாம் நீலமும் சாம்பலுமாகிவிடும். வெயில் நேராக விழும் முதல் சில மீட்டரில்தான் பவளப்பாறையின் நிறம் முழுசாகத் தெரியும். புறாத்தீவில் இடுப்பளவு, தலையளவு ஆழத்திலேயே பாறைகளும் மீன்களும் கருந்துடுப்புச் சுறாக்குட்டிகளும் உண்டு. ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சிலும் கரையை ஒட்டியே பாறை தொடங்குகிறது. வாடகை மாஸ்க்குக்குச் சில நூறு ரூபாய். யாரும் முதுகைப் பிடித்துத் திருப்ப மாட்டார்கள், இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஏற்றவும் மாட்டார்கள், மறுநாள் காலை விமானம் ஏறவும் தடையில்லை.